மடிப்பு பாத்த படங்கள்

மடிப்புன்னு நாங்க கூப்பிட்ட ஆளுக்குப் பேச வராது. அத மொதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா அப்படிப்பட்டவன்தான் பின்னாடி எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கே பெரிய பேச்சுக்காரனா ஆனான். அந்தப் பேச்சு ஒண்ணு கூட அவனுது இல்ல. எல்லாம் அவன் வீட்டுக்காரி சொன்னது. எங்களுக்கு அப்பத் தெரியாத இந்த விஷயத்த உங்களுக்கு இப்பவே சொல்லிட்டேன். மூடி வெச்சிருந்து கடைசில திறந்து காட்ட இது மர்மப் படம் இல்ல.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்கு அடியில, கீழ்த்தளத்துல. ஜன்னல் கிடையாது. துவைக்கிற மெஷின், பிழியிற மெஷின், அதத் தாண்டி சுருக்கம் எடுக்கிற சூடு ரோலர், கடைசியா மடிக்கிற மேஜை. மேல எத்தன கட்டில் இருக்கோ அத்தன பெட்ஷீட் தினமும் கீழ இறங்கும். பெட்ஷீட்ட ஒத்தையாளா மடிச்சு மாளாது. ஆளுக்கு ரெண்டு மூலையப் புடிக்கணும். இழுத்து உதறணும், பாதியா மடிக்கணும், ஒருத்தர ஒருத்தர் பாத்து நடந்து வந்து மூலைக்கு மூலை சேக்கணும், அப்புறம் பின்னாடி போகணும். பொழுதுக்கும் இதே வரத்துப்போக்குதான். சங்கச் செயலாளரா இருந்தாலும் எனக்கும் வேல அதுதான். எனக்கு எதிர் மூலையப் புடிச்சவன் மடிப்பு.

கையில எது கெடச்சாலும் நாலா மடிச்சிருவான், அதான் அந்தப் பேரு. பஸ் டிக்கெட், பிஸ்கட் சுத்துன காகிதம், நான் ராப்பகலா எழுதி அடிச்சுக் குடுக்கிற நோட்டீஸ், எல்லாம் அவனுக்கு ஒண்ணுதான். நோட்டீஸப் படிச்சானான்னு தெரியாது, மடிப்பு மட்டும் கச்சிதமா இருக்கும். சங்கக் கூட்டத்துல கைய பாதி தூக்குவான். "சொல்லுப்பா"ன்னா அந்தக் கையாலயே காதச் சொறிஞ்சுக்கிட்டு கீழ எறக்கிருவான். அவன் கிட்ட யாரும் எதுவும் கேக்குறது இல்ல. கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டோம்.

அவன் வீட்டுக்காரி சட்டைக்குப் பட்டன் தைக்கிறவங்க. வீட்டுலயே வேல. சட்டைய மூட்டையா கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க, அந்தம்மா டிவிக்கு முன்னாடி பாய விரிச்சு, சட்டைய ஒரு பக்கம் குவிச்சுக்கிட்டு, படம் ஓட ஓடத் தைப்பாங்க. கண்ணு ஊசியில இருக்கும், காதுதான் படம் பாக்கும். வசனத்துல எங்கயாவது பொய் தட்டுனா மட்டும் நிமிந்து பாப்பாங்களாம். இவன் விடிகாலையில கெளம்பி வந்து சாயங்காலம் திரும்புறவன். சாப்பிட்டுட்டு அதே பாயோட ஓரத்துல சாஞ்சா பேரு போடும்போதே தூங்கிருவான். படம் முடிஞ்சதும் அந்தம்மா, ஊசி குத்தாம இருக்க அங்குஸ்தான் மாட்டுன வெரலால இவன் உள்ளங்கால்ல ஒரு தட்டு தட்டி எழுப்பி, "ஏங்க, நீங்க தூங்கினதுல என்ன நடந்துச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க. கதையச் சொல்லி, கதையக் கிழிச்சு, கூடவே பட்டனும் தைச்சு முடிப்பாங்க. அந்த வீட்டுல ரெண்டு பேரும் சேந்து சிரிக்கிற நேரம் அதுதான். பிள்ளைங்க இல்ல. வேற பெருசா பேச்சும் இல்ல.

இது ஆரம்பிச்சது ஒரு திங்கக்கெழம. முந்தின நாள் டிவியில ஒரு அழுகாச்சிப் படம். சலவைக்கூடமே அதப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்துச்சு. ரோலர்ல நிக்கிற அக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டே சொன்னாங்க, "என்னால தாங்க முடியலப்பா, அந்த மூத்த மக செத்ததும் நான் டிவிய அணைச்சுட்டேன்."

நானும் மடிப்பும் பெட்ஷீட்ட உதறிட்டு நடந்து கிட்ட வந்தோம். அவன் மூலைய என் கையில குடுக்கும்போது, என்கிட்ட மட்டும் சொல்ற மாதிரி சொன்னான்:

"படம் பூரா அழுதாங்க. ஒருத்தியும் மூக்கச் சிந்தல."

சத்தம் இல்லாமத்தான் சொன்னான். ஆனா அந்த நேரம் பாத்து பிழியிற மெஷின் நின்னுருச்சு. எல்லார் காதுலயும் விழுந்துச்சு. அக்கா சிரிச்ச சிரிப்புல தலகாணி உறை ஒண்ணு ரோலர்ல சுருண்டு உள்ள போயிருச்சு.

"யாருப்பா பேசினது? மடிப்பா?"

"அட, இவனுக்கு வாய் இருக்கு."

"நீயா பாத்த அந்தப் படத்த?"ன்னு நான் கேட்டேன்.

"ஆமா. நேத்து வீட்டுல பாத்தேன்."

ஒரே ஒரு 'ஆமா'. அந்த எடத்துல "வீட்டுக்காரி சொன்னா"ன்னு சேத்திருந்தா அந்தச் சிரிப்பு சரியான விலாசத்துக்குப் போய்ச் சேந்திருக்கும். ரொம்ப நாள் கழிச்சு அவனே என்கிட்ட சொன்னான், "சொல்ல வாயெடுத்தேன் தோழர். அதுக்குள்ள எல்லாரும் என்னையப் பாத்துட்டாங்க. அப்படி யாரும் பாத்தது இல்ல. சரி, ஒரு தடவதானேன்னு விட்டுட்டேன்."

ஒரு தடவைன்னு ஆரம்பிக்காத திருட்ட நான் பாத்தது இல்ல.

அடுத்த வாரம் அக்காவே கேட்டாங்க, "என்ன தம்பி, நேத்து என்ன படம்?"

அது ஒரு சண்டைப்படம். மடிப்பு பெட்ஷீட்ட உதறிட்டு, நிதானமா சொன்னான், "ஒரு ஊரையே அடிச்சுத் தொவைக்கிறான். சட்டையில ஒரு பட்டன் தெறிக்கல. படத்துல உண்மையான வீரம் அந்தப் பட்டன தைச்சவளுக்குத்தான்."

எங்க துணியில பட்டனே கிடையாது. நோயாளிங்க கவுனுக்கு நாடாதான். பெட்ஷீட்டுலயும் துண்டுலயும் பொழுதக் கழிக்கிறவனுக்குப் பட்டன் மேல எப்படிக் கண்ணு போச்சு? யாரும் யோசிக்கல. சிரிச்சாச்சு, அவ்வளவுதான்.

காதல் படம் ஒண்ணு: "உனக்காக உசுரக் குடுப்பேங்கிறான். அந்தப் பொண்ணு படத்துல ஒரே ஒரு தடவ தண்ணி கேக்குது. அதுவே எந்திரிச்சுப் போய்க் குடிச்சுக்குது."

மகனுக்காக வருஷக்கணக்கா காத்திருக்கிற தாயப் பத்தி ஒரு படம்: "வாசக்கதவு சத்தமே இல்லாம திறக்குது. காத்துக்கிட்டிருக்கிறவ கதவுக்கு எண்ணெய் விடுவாளா? வந்தா தெரியட்டும்னு கிறீச்சுன்னேல்ல விட்டுவெச்சிருப்பா."

தொழிலாளர் தலைவர் படம் வந்துச்சு. நான் பெருமையா அவனைக் கேட்டேன். "தலைவர் நல்லாத்தான் பேசுறாரு தோழர். ஆனா கேக்குற கூட்டத்துல ஒருத்தன் கையிலயும் சோத்து டப்பா இல்ல. வேல விட்டு வர்ற கூட்டம் வெறுங்கையோடயா வரும்?" நான் அத்தன மேடை பாத்தவன், எனக்குத் தோணல.

மடிப்பு மாறிட்டான். நடையே மாறிருச்சு. பெட்ஷீட்ட உதறுற சத்தம் மாறிருச்சு. மேல வார்டுலருந்து நர்சம்மா போன் போட்டு, "உங்க மடிப்பக் கேளுங்க, இந்தப் படம் பாக்கலாமா வேண்டாமா"ன்னு கேப்பாங்க. கூட்டத்துல கைய முழுசாத் தூக்க ஆரம்பிச்சான். நானும் விடல, கூட்டத்துக்கு ஆள் வரணும்னா மொதல்ல அவன ரெண்டு வார்த்த பேச விட்டுருவேன். அதுக்கப்புறம்தான் போனஸ், லீவு எல்லாம்.

வீட்டுல அந்தம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இவன் முன்ன மாதிரி அரைத்தூக்கத்துல கேக்காம எந்திரிச்சு உக்காந்து கேக்குறான்னு மட்டும் தெரியும். "அத இன்னொருக்க சொல்லு"ன்னு கேப்பானாம். அந்தம்மாவுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம். நம்ம பேச்ச இந்த மனுஷன் இவ்வளவு ஆசையாக் கேக்குறாரேன்னு இன்னும் நல்லா சொல்லணும்னு, ஊசிய கீழ வெச்சுட்டுக் கூட படம் பாக்க ஆரம்பிச்சாங்களாம். இவன் அங்க மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்திருக்கான்.

இப்படியே சில வருஷம் ஓடுச்சு.

பாய்லர் பாத்துக்கிட்டிருந்த பெரியவர் ஓய்வுபெற்றப்ப இந்த விஷயம் வெடிச்சுது. வழியனுப்ப ஒரு டீ வெச்சோம், மடிக்கிற மேஜையிலயே. எல்லாரும் குடும்பத்தோட வாங்கன்னு நோட்டீஸ் போட்டது நான்தான். குடும்பத்தக் காட்டாத சங்கம் பாதிச் சங்கம்னு அதுல ஒரு வரி வேற எழுதியிருந்தேன். மடிப்பு அந்த நோட்டீஸையும் நாலா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டான், வீட்டுல காட்டல. ஆனா அன்னைக்கு அந்தம்மா வந்துட்டாங்க. நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்கு வந்த எடத்துல பாய்லர்காரர் சம்சாரம் பாத்து, கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க.

ஒல்லியான அம்மா. வெரல் நுனியெல்லாம் ஊசி குத்துன புள்ளி. துணி மூட்டை மேலயே ஒரு ஓரமா உக்காந்தாங்க. மடிப்பு மூஞ்சியப் பாத்தேன். வெளுத்த பெட்ஷீட் மாதிரி இருந்துச்சு. எனக்குக் காரணம் புரியல.

அக்கா டீயோட போய்ப் பக்கத்துல உக்காந்தாங்க. "நீதான் மடிப்பு வீட்டுக்காரியா? எப்படித் தங்கச்சி இவரோட காலந்தள்ளுற? வயித்த வலிக்க வெப்பாரே."

"இவரா?"ன்னாங்க அந்தம்மா, சிரிச்சுக்கிட்டே. "இவருக்குப் பேசவே வராதுங்களே."

"சரியாப் போச்சு. இங்க வந்து கேளு. அந்தச் சண்டைப்படத்துக்கு என்ன சொன்னாரு? உண்மையான வீரம் பட்டன தைச்சவளுக்குத்தான்னாரு."

அந்தம்மா டீய வாய்க்குக் கொண்டுபோனவங்க அப்படியே நிறுத்துனாங்க.

பக்கத்துல நின்னவங்க ஆளுக்கு ஒண்ண எடுத்து விட்டாங்க. "படம் பூரா அழுதாங்க, மூக்கச் சிந்தல, அது?" "கிறீச்சுன்னு கதவு, அத விட்டுட்டியே." "தண்ணி கேட்ட பொண்ணு." ஒவ்வொண்ணுக்கும் ஒரு சிரிப்பு. அவங்க வீட்டுல, பாயில உக்காந்து, ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னது ஒவ்வொண்ணும் வேத்து ஆளுங்க வாயிலருந்து வந்து விழுந்துச்சு. அந்தம்மாவும் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சு ஓய்ஞ்சதும் சொன்னாங்க:

"ஆமா. நல்லா சொல்லுவாரு."

அவ்வளவுதான். காட்டிக் குடுக்கல. டீய முழுசாக் குடிச்சுட்டு கப்ப கழுவி வெச்சுட்டுக் கெளம்பினாங்க.

வீட்டுக்குப் போய் அந்தம்மா எப்பவும் போல சோறு போட்டாங்க. இவன்தான் தாங்க முடியாம ஆரம்பிச்சிருக்கான்.

"கோவமா?"

"இல்ல."

"சும்மா தமாசுக்குச் சொன்னதும்மா. அங்க யாருக்கு என்ன தெரியப் போகுது."

அதுதான் அவன் பண்ணுன ரெண்டாவது தப்பு. அந்தம்மா தட்ட எடுத்துக்கிட்டே சொன்னாங்களாம், "என் பேச்சக் கொண்டுபோனீங்க, அதுகூடப் பரவாயில்லங்க. என்னைய வீட்டுலயே விட்டுட்டுல்ல போயிட்டீங்க."

அடுத்த ஞாயித்துக்கெழம படம் ஓடுச்சு. அந்தம்மா தைச்சாங்க. இவன் தூங்கல, வேணும்னே முழிச்சுக்கிட்டு இருந்தான். முடிஞ்சதும் கேட்டான், "எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்ல."

"அந்த அண்ணன்காரன்?"

"நல்லா நடிச்சிருக்கான்."

மத்த எல்லாம் பேசுவாங்க. அரிசி தீந்துருச்சும்பாங்க, குழாயில தண்ணி வரலம்பாங்க, உங்க சட்டையக் குடுங்க காலர் பிஞ்சிருக்கும்பாங்க. சண்டை இல்ல, மூஞ்சத் தூக்குறது இல்ல. படத்தப் பத்தி மட்டும் 'பரவாயில்ல'. இவன் ஒரு நாள் கெஞ்சிக் கேட்டதுக்குச் சொன்னாங்களாம், "நான் வேணும்னு பண்ணலங்க. வாய் வரைக்கும் வருது. வர்றப்பவே, இது நாளைக்கு யாரு வாயில கெடக்கும்னு தோணுது. அடங்கிருது."

சலவைக்கூடத்துல அக்கா வழக்கம்போலக் கேட்டாங்க, "என்ன தம்பி, நேத்து?"

மடிப்பு உதறுனான். "பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"கலர் நல்லா இருந்துச்சு."

"காய்ச்சலா தம்பி?"

அவனும் சொந்தமா முயற்சி பண்ணிப் பாத்தான். ஒரு தடவ, வில்லன் கார்ல டயர் புதுசா இருந்துச்சுன்னு ஏதோ சொன்னான். யாரும் சிரிக்கல. ஒருத்தன், "அதுக்கு என்ன இப்ப?"ன்னான். மடிப்பு என் கையில மூலையக் குடுத்துட்டு, கைய விடாம நின்னான். அன்னைக்குத்தான் என்கிட்ட எல்லாத்தயும் சொன்னான். நடந்து வரும்போது கொஞ்சம், பின்னாடி போயிட்டுத் திரும்ப வரும்போது கொஞ்சம். ஒரு வண்டி பெட்ஷீட் முடியிற வரைக்கும் சொன்னான்.

நான் நயமாப் பேசத் தெரியாதவன். "உழைச்சது ஒருத்தர், பேரு வாங்கினது இன்னொருத்தர். இதுக்கு எதிராத்தான்டா நான் இத்தன வருஷமா காகிதத்தத் தீத்தேன். அதையெல்லாம் நாலா மடிச்சியே, ஒண்ணயாவது படிச்சியா?"ன்னேன். அவன் தல குனிஞ்சான். "போய் எல்லார் முன்னாடியும் சொல்லு. யாருதுன்னு சொல்லு"ன்னேன்.

சொன்னான். அத நான் மறுக்க மாட்டேன். சாப்பாட்டு நேரத்துல எந்திரிச்சு நின்னான், டப்பா மூடிய கையில புடிச்சுக்கிட்டே. "நான் இத்தன நாள் சினிமாவப் பத்திச் சொன்னதெல்லாம் நான் சொன்னது இல்ல. நான் எந்தப் படத்தயும் முழுசாப் பாத்ததே இல்ல. தூங்கிருவேன். எல்லாம் என் வீட்டுக்காரி சொன்னது."

எல்லாரும் சிரிச்சாங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "பாத்தியா, இதையும் எப்படிச் சொல்றான்." "பொண்டாட்டிக்குப் பயந்தவன்யா." டயர் ஜோக்குக்கு அசையாத கூட்டம், அவன் வாழ்க்கையிலயே சொந்தமாச் சொன்ன ஒரே உண்மைக்கு விழுந்து விழுந்து சிரிச்சுது. அவன் நின்னுக்கிட்டே இருந்தான். "நெசமாத்தான்"ன்னான். அதுக்கும் சிரிச்சாங்க.

அக்கா மட்டும் சிரிக்கல. அவங்க அன்னைக்கு அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்தவங்க. அந்த டீ கப்பு வாய்க்குப் போற வழியில நின்னத பாத்தவங்க.

அடுத்த லீவு நாள்ல அக்கா நேரா அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. மடிப்ப, "நீ கடைக்குப் போயிட்டு வா தம்பி, எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஆனா போ"ன்னு வெளிய அனுப்பிட்டு, பாயில உக்காந்து ஒரு ஊசிய எடுத்துக் கோத்து, தானும் பட்டன் தைச்சாங்க. படம் ஓடுச்சு. அக்காவுக்குப் பட்டன் தைக்க வராது. அந்தம்மா அதப் பிரிச்சுத் திரும்பத் தைச்சுக்கிட்டே, எதோ ஒரு எடத்துல நிமிந்து, "இந்தக் கதாநாயகி இப்பத்தான் ஆஸ்பத்திரிக் கட்டில்லருந்து எந்திரிச்சு வந்தாளாம், கலையாத கொண்டையப் பாருங்க"ன்னுட்டாங்க. அக்கா சொல்றாங்க, தான் சிரிச்ச சிரிப்புல ஊசி கையில ஏறிருச்சாம். அப்புறம் அந்தம்மா நிறுத்தவே இல்லையாம். தேங்கியிருந்ததெல்லாம் கொட்டுச்சாம்.

மடிப்பு கடையிலருந்து வந்து செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டதும் நின்னுருச்சு.

அதுக்கப்புறம் லீவு நாள்னா அக்கா அங்க போயிருவாங்க, மறுநாள் சலவைக்கூடத்துல அக்கா வாயிலருந்துதான் வரும். "இவன் வீட்டுக்காரி நேத்துப் பாத்த படத்துக்கு என்ன சொன்னா தெரியுமா"ன்னு, ரோலர் சத்தத்துக்கு மேல கத்திச் சொல்லுவாங்க. அந்தம்மா பேரையும் சேத்துத்தான் சொல்லுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அப்பத்தான் நம்புனாங்க. மடிப்பு மூலையப் புடிச்சுக்கிட்டு நின்னு கேப்பான். அவன் குடியிருக்கிற அதே வீட்டுல, அவன் வெளிய போன நேரத்துல நடந்த பேச்சு, ரெண்டு பஸ் மாறி வந்து அக்கா வழியா அவன் காதுல விழும். சில நாள், சிரிப்பு அடங்கினதும், மெதுவாக் கேப்பான், "அக்கா, அத இன்னொருக்க சொல்லுங்க."

இப்ப நாங்க எல்லாருமே வேலையிலருந்து ஓய்வு வாங்கியாச்சு. மடிப்பும் வீட்டுல இருக்கான். போன மாசம் பாக்கப் போனேன். டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு, பாய் கெடந்துச்சு, சட்டை மூட்டை கெடந்துச்சு. அந்தம்மா எனக்கு டீ குடுத்துட்டு, போன் மணி அடிக்கவும் உள் ரூமுக்குப் போனாங்க. கதவ முழுசாச் சாத்தல.

மடிப்பு ரிமோட்ட எடுத்து டிவி சத்தத்தக் கொறச்சான். நான் ஏதோ கேக்க வாயெடுத்தேன். கையக் காட்டி நிறுத்துனான். உள்ள அந்தம்மா பேசுறாங்க, என்னன்னு புரியல, நடுநடுவுல சிரிப்பு மட்டும் வருது. இவன் சத்தம் கொறஞ்ச படத்தப் பாத்துக்கிட்டுக் கதவுப் பக்கம் காத வெச்சு உக்காந்திருந்தான்.

"அக்காவா போன்ல?"

"அக்காதான்." என் பக்கம் திரும்பி, "நேத்து ஒரு படம் போட்டான். நீதிபதி படம். அதப் பத்தி அக்கா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

காலையிலதான் அக்கா எனக்குப் போன் பண்ணியிருந்தாங்க. சொன்னேன். "எல்லார் பேச்சையும் குறுக்க குறுக்க நிறுத்துறவன் நீதிபதி. கூண்டுல நிக்கிற கொலகாரன் மட்டுந்தான் படத்துலயே அடுத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கான். அவனை விட்டுருக்கலாம்."

மடிப்பு சிரிச்சான். சத்தம் உள்ள கேட்டுரக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். அப்புறம் பிஸ்கட் காகிதத்த எடுத்து மடிக்க ஆரம்பிச்சான்.

"இத அக்கா வேற யாருகிட்டயும் சொல்றாங்களா?"

"எல்லார்கிட்டயும்தான்."

"பேரு சொல்லித்தானே?"

"பேரு சொல்லித்தான்."

தலைய ஆட்டுனான். உள்ள சிரிப்புச் சத்தம் திரும்ப வந்துச்சு. அவன் ரிமோட்ட எடுத்து டிவிய இன்னும் கொஞ்சம் கொறச்சான்.